‘ட்ராப் இன் எனிடைம்’ என்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாமா?

கடிதத்தின் சுருக்கம்:

வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் சமூகச் செவிலியர் குழுவில் வேலை செய்கிறார் இந்த வாசகி. ஊரிலிருந்து போய் இன்னும் ஓராண்டு நிறையவில்லை. ஆங்கிலத் தேர்வில் தேவைக்கு மேலேயே மதிப்பெண் எடுத்தவர். இருந்தும், வருவது, போவது, வழியில் நிற்பது பற்றிய சின்னச் சின்னச் சொற்கள் அவர் காலை வாரிவிடுகின்றன.

உடன் வேலை பார்க்கும் பெண் ஒருநாள் ‘ட்ராப் இன் எனிடைம்’ என்றாராம். அதை நம்பி, ‘ஐ வில் ஸ்டாப் ஓவர் அட் யுவர் பிளேஸ் ஆன் சாட்டர்டே’ என்று செய்தி அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் இருந்துவிட்டு வரலாம் என்று போயிருக்கிறார். அங்கே விருந்தினர் அறையில் படுக்கை விரித்து வைத்திருந்தார்கள். ஒரு நோயாளியின் மகள், ‘குட் யூ லுக் இன் ஆன் மம் அட் தி வீக்எண்ட்?’ என்று கேட்டிருக்கிறார். சனி, ஞாயிறு முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து, அது என் வேலை இல்லை என்று இவர் வெடுக்கென்று சொல்லிவிட்டார். குறிப்பேட்டில் ‘பாப்ட் இன் டு சீ பேஷன்ட்’ என்று எழுதியதை மேலாளர் திருத்தச் சொன்னார்.

இனி வரப்போகும் பயணங்கள் இரண்டு. முதலாவது, டர்ஹமில் இருந்து லண்டனுக்கு ரயில். கையில் ‘அட்வான்ஸ்’ டிக்கெட். வழியில் யார்க்கில் இறங்கிச் சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ள நினைக்கிறார். இரண்டாவது, நியூகாசிலில் இருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு விமானம். ஷார்ஜாவில் அண்ணன் வீட்டில் இரண்டு இரவு தங்க ஆசை. முகவரிடம் ‘ப்ரீஃப் ஸ்டாப் இன் துபாய்’ என்று சொன்னார். அவர் மூன்று மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ‘வெளியே போய்விட்டு இரண்டு நாள் கழித்து ஏறிக்கொள்ளலாமா? இந்தச் சொற்கள் எல்லாமே எட்டிப் பார்ப்பதுதானே? இதற்கென்று ஒரு புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்ய வேண்டுமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

புத்தகம் வேண்டாம். ஆனால் எல்லாமே எட்டிப் பார்ப்பதுதான் என்பது பாதிதான் சரி. நீங்கள் பட்ட சங்கடம் எதிலும் இலக்கணப் பிழை கிடையாது. மூன்று தகவல்கள்தான் தடம் மாறியிருக்கின்றன: அந்த இடம் போகும் வழியில் இருக்கிறதா, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறோமா, இரவு அங்கே கழியுமா. ‘போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்’, ‘தலையைக் காட்டிட்டு வந்துடறேன்’, ‘ராத்திரி தங்கிட்டுக் காலைல கிளம்பறேன்’ என்று நாம் நாலு சொல்லில் விரித்துச் சொல்வதை, ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு குட்டிச் சொல் செய்துவிடுகிறது.

அதனால் முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவது சொல்லைக் கவனியுங்கள். ‘இன்’ என்றால் ஒருவர் வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ நுழைவது. ‘பை’ என்றால் வேறெங்கோ போகிற போக்கில் பக்கமாக வந்துவிட்டுப் போவது. ‘ஆஃப்’ என்றால் நீண்ட பயணத்தின் பாதையில் இருந்து கொஞ்சம் விலகி இறங்குவது. ‘ஓவர்’ பெரும்பாலும் இரவைத் தாண்டுவது. ‘ரவுண்ட்’ என்றால் பிரிட்டனில் அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போவது. ‘த்ரூ’ என்றால் நிற்காமல் ஊடே கடந்து போவது. ஸ்டாப், ட்ராப், பாப், கால் ஆகிய முதல் சொற்கள் தொனியைத்தான் அதிகம் மாற்றுகின்றன: ‘பாப்’ செல்லமான பேச்சு, ‘ட்ராப்’ சாதாரணம், ‘கால்’ சற்றுப் பழைய மரியாதை.

அந்தச் சனிக்கிழமைச் செய்தி

‘ஸ்டாப் ஓவர்’ என்பதை அமெரிக்கர் ஒருவர் படித்திருந்தால், சும்மா வந்துவிட்டுப் போவார் என்றே எடுத்திருக்கக்கூடும். நீங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கு. அங்கே பேச்சு வழக்கில் ‘ஸ்டாப்’ என்ற சொல்லுக்கே ‘தங்கு’ என்ற பொருள் உண்டு. ‘ஆர் யூ ஸ்டாப்பிங் ஃபார் டீ?’ என்று கேட்டால், ‘இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்களா?’ என்று அர்த்தம். அந்த ‘டீ’யும் நம்முடைய டம்ளர் தேநீர் இல்லை, அந்தப் பக்கத்தில் அது மாலைச் சாப்பாடு. ‘ஐ’ம் ஸ்டாப்பிங் இன் டுநைட்’ என்றால் இன்றிரவு வெளியே போகவில்லை, வீட்டிலேயே இருக்கிறேன் என்பது. இதே ‘ஸ்டாப் இன்’ அமெரிக்காவில் எட்டிப் பார்ப்பதைக் குறிக்கும். ஆக, உங்கள் தோழி படுக்கை விரித்ததில் தப்பே இல்லை. நீங்கள் எழுதியதை அப்படியே படித்திருக்கிறார்.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது: ‘குட் ஐ பாப் ரவுண்ட் ஆன் சாட்டர்டே, அபவுட் ஃபோர், ஜஸ்ட் ஃபார் ஹாஃப் அன் அவர்?’ நேரத்தையும் அளவையும் சேர்த்துவிட்டால் எந்தச் சொல்லைப் போட்டாலும் குழப்பம் வராது. இரவு தங்குவதாக இருந்தால் ‘ஸ்டே ஓவர்’ போதும், எந்த நாட்டிலும் புரியும்.

இன்னொன்று. ‘ஐ வில் கம் அண்ட் கோ’ என்று நம்மவர்கள் பலர் எழுதுகிறார்கள். ‘வந்துட்டுப் போறேன்’ என்பதன் நேர் நகல் அது. ஆங்கிலத்தில் ‘கம் அண்ட் கோ’ என்றால் ஒருவர் நினைத்தபோதெல்லாம் வருவதும் போவதுமாக இருப்பது. ஒரு தடவை வந்து போவதற்கு அது பொருந்தாது.

‘எனிடைம்’ எந்த அளவுக்கு உண்மை?

அகராதி ‘ட்ராப் இன்’ என்பதற்கு முன்னறிவிப்பு இல்லாமல் போவது என்று பொருள் தரும். அது சரி. ஆனால் அழைப்பில் வரும் ‘எனிடைம்’ பெரும்பாலும் அன்பைக் காட்டும் பேச்சு. நம் ஊரில் ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாள் குறிக்காத அழைப்பை நாள் குறித்துக் கேட்டு உறுதிசெய்துகொள்வது அங்கே வழக்கம்: ‘ஐ’ட் லவ் டு. வுட் சண்டே ஆஃப்டர்நூன் சூட் யூ?’ அவர் நாள் சொன்னால் உண்மையான அழைப்பு. ‘வீ மஸ்ட் சார்ட் சம்திங் அவுட்’ என்று இழுத்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், மனத்தாங்கல் வேண்டாம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் ‘ட்ராப்-இன்’ அட்சர சுத்தமாக உண்மை. ‘ட்ராப்-இன் கிளினிக்’ என்றால் முன்பதிவு இல்லாமல் நேரே போகலாம். அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்தால் தயங்காதீர்கள்.

நோயாளி வீட்டில்

‘லுக் இன் ஆன்’ என்பதும் ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் வேறு வேறு. முதலாவது, வயதானவரோ உடம்பு சரியில்லாதவரோ நன்றாக இருக்கிறாரா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருவது. இரண்டாவது, பொறுப்பெடுத்துக் கவனித்துக்கொள்வது. அந்த மகள் கேட்டது முதலாவதை.

சரி, முதலாவது என்றால் ஒப்புக்கொண்டிருக்கலாமா? வேலை நேரத்துக்கு வெளியே, குழுவின் பட்டியலில் இல்லாத சந்திப்பு என்றால் அதுவும் கூடாது. பிரிட்டனில் செவிலியர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் நடத்தை விதிகள், நோயாளிகளோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் தொழில்முறை எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. ஆகவே உங்கள் முடிவு சரி, சொன்ன விதம்தான் கடுமை. ‘ஐ’ம் நாட் ஆன் திஸ் வீக்எண்ட், பட் ஐ’ல் ஆஸ்க் தி டீம் வெதர் சம்ஒன் கேன் லுக் இன் ஆன் ஹர்’ என்று சொல்லியிருந்தால் அவருக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும். இப்போதும் தாமதமில்லை. அடுத்த சந்திப்பில், அன்று சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அவர் கேட்டதைக் குழுத் தலைவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

குறிப்பேட்டு விஷயத்தில் மேலாளர் பக்கம்தான் நியாயம். ‘பாப்ட் இன்’, ‘ட்ராப்ட் பை’ இரண்டும் திட்டமிடாமல் தற்செயலாகப் போன மாதிரி ஒலிக்கும். பின்னால் ஒரு புகாரோ விசாரணையோ வந்தால், அது பட்டியலிட்ட சந்திப்பா, எத்தனை மணிக்கு, எதற்காக என்ற கேள்விகள் எழும். அதே நடத்தை விதிகள், பதிவு தெளிவாக, தேதி நேரத்தோடு, தேவையற்ற சுருக்கங்களும் துறைக் குழூஉச் சொற்களும் இல்லாமல் இருக்கச் சொல்கின்றன. ‘விசிட்டட் அட் ஹோம், 14:10, ஃபார் டிரெஸ்ஸிங் சேஞ்ச்’ (காயத்துக்குக் கட்டு மாற்ற) என்று வறட்சியாக எழுதுங்கள். நோயாளி கதவைத் திறக்கவில்லை என்றால் ‘கால்ட் அட் 14:10, நோ ரிப்ளை அட் டோர்’ என்று எழுதலாம். வெறும் ‘கால்ட்’ என்று மட்டும் விட்டால், தொலைபேசியில் அழைத்தீர்களா நேரில் போனீர்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘அட் டோர்’ என்ற சொற்கள்தான் அதைத் தீர்க்கின்றன.

வாய்ப்பேச்சில் ‘பாப்’ நன்றாகவே வேலை செய்யும். ‘ஐ’ல் பாப் பேக் ஆன் தர்ஸ்டே’ என்றால் முதியவர்களுக்கு ஓர் ஆறுதல். ‘பாப் ஆஃப்’ மட்டும் வேண்டாம். கிளம்புவது என்று ஒரு பொருள் இருந்தாலும், கொச்சையில் அது ‘மண்டையைப் போடுவது’. ‘ட்ராப் ஆஃப்’ என்பதற்கும் இறக்கிவிடுவது தவிர, கண் அயர்வது என்று இன்னொரு பொருள் உண்டு. ‘ஹி ட்ராப்ட் ஆஃப் அட் த்ரீ’ என்று மகன் சொன்னால் பதறாதீர்கள், அப்பா மூன்று மணிக்குத் தூங்கிவிட்டார்.

காரில் போகும்போது அலுவலகம் சொல்லும் வேலைகளிலும் இவை வரும். ‘கேன் யூ ஸ்விங் பை தி சர்ஜரி அண்ட் பிக் அப் தி டிரெஸ்ஸிங்ஸ்?’ இங்கே ‘சர்ஜரி’ அறுவைச் சிகிச்சை அல்ல, குடும்ப மருத்துவரின் மருத்துவமனை. ‘புல் ஓவர்’ என்றால் சாலையோரம் ஒதுங்கி நிற்பது. ‘புல் இன்’ என்றால் ஓய்விடத்துக்கோ பெட்ரோல் நிலையத்துக்கோ வண்டியைத் திருப்பி நுழைப்பது.

யார்க்கில் இறங்கலாமா?

‘காலிங் அட் டார்லிங்டன், யார்க்...’ என்ற அறிவிப்பைக் கேட்டு, இறங்கி ஏறலாம் என்று நினைத்துவிட்டீர்கள். ‘கால் அட்’ என்பது ரயில் செய்வது, நீங்கள் செய்வதல்ல. ரயில் அந்த நிலையத்தில் நிற்கும் என்பதோடு அதன் பொருள் முடிந்தது. கப்பல் துறைமுகத்தில் நிற்பதற்கும் இதே சொல்தான். பயணி இறங்கிச் சுற்றிவிட்டு மறுபடி ஏறுவதற்குப் பேச்சில் ‘ஸ்டாப் ஆஃப்’. ரயில்வே விதிகளின் மொழியில் ‘பிரேக் ஆஃப் ஜர்னி’. இந்திய ரயில்வேயிலும் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் ‘பிரேக் ஜர்னி’ என்று ஒரு வசதி உண்டு, அதே யோசனைதான்.

பிரிட்டனில் அந்த உரிமை டிக்கெட்டின் வகையைப் பொறுத்தது. ‘அட்வான்ஸ்’ டிக்கெட் நீங்கள் பதிவுசெய்த குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். வழியில் இறங்கிவிட்டு அடுத்ததில் ஏற அது இடம் தராது. யார்க்கில் இறங்கி மூன்று மணி நேரம் கழித்து வேறு ரயிலில் ஏறினால், அங்கிருந்து லண்டனுக்குப் புது டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். அன்றன்று எடுக்கும் விலை பொதுவாகக் கை சுடும். ‘எனிடைம்’ (எந்த நேர ரயிலுக்கும்), ‘ஆஃப்-பீக்’ (நெரிசல் இல்லாத நேரத்துக்கு) என்ற டிக்கெட் வகைகளில், டிக்கெட்டில் தனியாகத் தடை சொல்லாதவரை, பாதையில் உள்ள நிலையத்தில் இறங்கித் தொடரலாம். ஆஃப்-பீக்கில் நேரக் கட்டுப்பாடு இருக்கும். அதில் உள்ள கட்டுப்பாட்டுக் குறியீட்டை வாங்கும்போதே காட்டி விளக்கம் கேட்டுவிடுங்கள்.

விலை குறைவாக வேண்டும், யார்க்கையும் பார்க்க வேண்டும் என்றால், டர்ஹம்–யார்க் ஒன்று, யார்க்–லண்டன் ஒன்று என்று இரண்டு தனி அட்வான்ஸ் டிக்கெட்டுகள் எடுப்பது பெரும்பாலும் நல்ல வழி. இரண்டும் தனித்தனிப் பயணம் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்படி இல்லாமல் ஆஃப்-பீக் டிக்கெட்டோடு யார்க்கில் இறங்கும்போது ஊழியர் யாராவது கேட்டால், டிக்கெட்டைக் காட்டி ‘ஐ’ம் பிரேக்கிங் மை ஜர்னி ஹியர்’ என்று சொல்லுங்கள். இந்த இடத்தில் ‘ஸ்டாப் ஆஃப்’ என்பதைவிட அந்த அலுவல் சொல் வேகமாக வேலை செய்யும்.

துபாயில் இரண்டு இரவு

இதில்தான் பணம் போகும், ஆகவே அவசரமாகக் கவனியுங்கள். முகவர் உங்களை ஏமாற்றவில்லை. ‘ப்ரீஃப் ஸ்டாப்’ என்றதை விமானம் மாறும் இடைவெளி என்று எடுத்துக்கொண்டார். சர்வதேசப் பயணச்சீட்டில் 24 மணி நேரம்தான் கோடு. நடுவில் உள்ள ஊரில் அதற்குள் அடுத்த விமானம் ஏறினால் ‘கனெக்‌ஷன்’ அல்லது ‘டிரான்சிட்’. அமெரிக்க வழக்கில் ‘லேஓவர்’. அதைத் தாண்டினால் ‘ஸ்டாப்ஓவர்’. கட்டண விதிகள் இரண்டுக்கும் வேறு. சில கட்டணங்களில் ஸ்டாப்ஓவருக்கு இடமே இருக்காது, சிலவற்றில் கூடுதல் தொகை கேட்கும்.

நீங்கள் கேட்டபடி சும்மா வெளியே போய்விட்டால் என்ன நடக்கும்? துபாய்–சென்னை விமானத்துக்கு நீங்கள் வராதவராகப் பதிவாவீர்கள். அந்தச் சீட்டில் மிச்சமிருக்கும் பயணங்களை, ஊர் திரும்பும் பயணம் உட்பட, நிறுவனம் ரத்துசெய்யலாம். உங்கள் பெட்டிக்கு நியூகாசிலிலேயே சென்னை வரை சீட்டு ஒட்டியிருப்பார்கள்; துபாயில் அது உங்கள் கைக்கு வராது. ஆக, அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

முகவருக்கு இப்படி எழுதுங்கள்: ‘ஐ வுட் லைக் டு ஸ்டாப் ஓவர் இன் துபாய் ஃபார் டூ நைட்ஸ். ப்ளீஸ் சேஞ்ச் தி கனெக்‌ஷன் டு எ ஸ்டாப்ஓவர் அண்ட் டெல் மீ தி ஃபேர் டிஃபரன்ஸ்.’ துபாயில் இறங்கும் தேதியையும் புறப்படும் தேதியையும் எண்ணில் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டும் முன்பு, உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் பிரிட்டன் வதிவிட அனுமதிக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் நுழைய என்ன விசா தேவை என்பதை விமான நிறுவனத்திடம் உறுதிசெய்யுங்கள். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறிச் செல்பவருக்கு உள்ள சலுகை, ஷார்ஜாவுக்குப் போகிறவருக்குப் பொருந்தாது.

நியூகாசிலில் பெட்டியைப் போடும்போது, ‘ஆர் யுவர் பேக்ஸ் செக்ட் த்ரூ டு சென்னை?’ என்று கேட்டால் ‘நோ, ஐ’ம் ஸ்டாப்பிங் ஓவர் இன் துபாய்’ என்பது உங்கள் பதில். குடிநுழைவில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால், ‘ஐ’ம் புட் அப் அட் மை பிரதர்ஸ்’ என்று சொல்லாதீர்கள். இந்திய ஆங்கிலத்தில் அது இயல்பு, வெளியே புருவம் உயரும். ‘ஐ’ம் ஸ்டேயிங் வித் மை பிரதர்’ என்பது நேர்வழி. ‘புட் அப்’ வேண்டுமென்றால் இடம் கொடுப்பவரை எழுவாயாக்குங்கள்: ‘மை பிரதர் இஸ் புட்டிங் மீ அப்.’ அதோடு ஒரு ‘வித்’ ஒட்டினால் சகித்துக்கொள்வது என்று ஆகிவிடும். அண்ணன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது வழுக்கும் இடங்கள்

வினையாக வரும் ‘ஸ்டாப் ஓவர்’ இரண்டு சொல். பேசும்போது அழுத்தம் ‘ஓவர்’ மேல். பெயராக வரும் ‘ஸ்டாப்ஓவர்’ ஒரே சொல். அழுத்தம் ‘ஸ்டாப்’ மேல். ‘செக் இன்’, ‘ட்ராப் இன்’ எல்லாவற்றுக்கும் இதே அழுத்தம்தான். ஸ்டாப், ட்ராப், பாப் மூன்றிலும் இறந்த காலத்திலும் ‘இங்’ வடிவத்திலும் கடைசி ‘பி’ இரட்டிக்கும்.

ஆளைப் பார்க்கப் போனால் ‘ட்ராப் இன் ஆன்’, இடத்துக்குப் போனால் ‘ட்ராப் இன் அட்’. ‘ட்ராப் பை’, ‘ஸ்டாப் பை’ இரண்டிலும் இடத்தின் பெயர் நேராகவே ஒட்டும்: ‘ஐ’ல் ஸ்டாப் பை தி ஃபார்மசி.’ நடுவில் ‘டு’ போடாதீர்கள். ஏற்றிக்கொள்ளும் ‘பிக் அப்’, இறக்கிவிடும் ‘ட்ராப் ஆஃப்’ இரண்டும் வேறு இனம். அவற்றுக்குச் செயப்படுபொருள் வேண்டும், ‘மீ’, ‘ஹர்’ போன்றவை நடுவில் உட்காரும்: ‘குட் யூ பிக் மீ அப்?’ ‘பிக் அப் மீ’ தவறு. ‘ஐ’ல் ட்ராப் யூ’ என்று நிறுத்தாமல், ‘அட் தி ஸ்டேஷன்’ என்றோ ‘ஆஃப்’ என்றோ முடித்துவிடுங்கள். வெறுமனே விட்டால், உன்னைக் கழற்றிவிடுகிறேன் என்றும் கேட்கும்.

வாயில் புழங்க உங்களுக்கு ஐந்து போதும்: நண்பர் வீட்டுக்கு ‘பாப் ரவுண்ட்’, கடைக்கும் அலுவலகத்துக்கும் ‘ஸ்டாப் பை’, பயணத்தின் நடுவே ‘ஸ்டாப் ஆஃப்’, இரவு தங்க ‘ஸ்டே ஓவர்’, நலம் பார்க்க ‘லுக் இன் ஆன்’. மற்றவை காதில் விழும்போது புரிந்தால் சரி. அவற்றில் ‘கால்’ குடும்பத்தை மட்டும் தனியாக ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ‘கால் ஆன்’ வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. ‘கால் ஃபார்’ ஒருவரை அழைத்துப் போக வருவது. ‘கால் ஆஃப்’ ரத்துசெய்வது. ‘ஷீ கால்ட் இன்’ என்றால் வந்துவிட்டுப் போனார், ‘ஷீ கால்ட் இன் சிக்’ என்றால் உடம்பு சரியில்லை என்று போன் செய்து விடுப்பு எடுத்துவிட்டார். காலைப் பணிப் பட்டியலைப் பிரிக்கும்போது அந்தக் கடைசிச் சொல் வரை காத்திருந்து கேளுங்கள்.